வளவை மூடாதீர்கள்: செட்டிநாட்டு வீட்டில் கச்சேரி வைக்கும் முன்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் விடலாமா என்று கேட்டு வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆள் புழங்காத வீடு கரையானுக்குத்தான். ஆனால் எடுத்த எடுப்பில் அவர்கள் கேட்பது, "வளவுக்கு மேல கண்ணாடிக் கூரை போட்டு ஏசி வச்சிடலாமா?"

வளவு என்பது வீட்டின் நடுவே தூண்கள் சூழ, வானம் பார்த்துத் திறந்திருக்கும் முற்றம். அதை மூட வேண்டாம். லண்டன் ஸ்மித் சதுக்கத்தில் 1728இல் கட்டி முடித்த செயின்ட் ஜான்ஸ் தேவாலயம், போரில் குண்டு விழுந்து சிதைந்து, 1969இல் இசை அரங்கமானது. அதைக் காட்டி, வளவையும் மூடிய அரங்காக்கலாம் என்று வாதாடுபவர்கள் உண்டு. தேவாலயம் கூரையோடு பிறந்த ஒரே பெரிய கூடம். நம் வளவு அப்படியல்ல. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல், கருங்கல் தூண் எதுவுமே ஒலியை உறிஞ்சாது. போன ஒலியைத் திருப்பி அனுப்பாதது மேலே திறந்திருக்கும் வானம் மட்டும்தான். அதையும் மூடினால் மிருதங்கத்தில் ஒரு தட்டின் ஒலி அடங்குவதற்குள் அடுத்தது அதன்மேல் விழும். மைக் வைத்தால் இன்னும் மோசம். வெக்கையும் வெளியேறாது. மழைக்குப் பயமென்றால் கழற்றி மாட்டும் துணிப்பந்தல் போதும்.

"எங்க ஐயா கல்யாணத்துல ஊரே இங்கதான் சாப்பிட்டுச்சு" என்பார்கள். உண்மைதான். பந்தி பந்தியாக, வீட்டின் ஒவ்வொரு கட்டிலும் (பகுதியிலும்) பிரிந்து, கீழ்த்தளத்தில் சாப்பிட்டார்கள். மாடியில் நாற்காலி போட்டுக் கூட்டத்தை உட்காரவைக்கவில்லை. இந்தியத் தர விதிப்படி வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும். நிலையான இருக்கை இல்லாத அரங்குக்கு 500 கிலோ வேண்டும். மாடித்தளத்தைத் தாங்கும் உத்தரம் பர்மா தேக்காகவே இருக்கட்டும், சுவருக்குள் செருகிய அதன் நுனியைக் குத்திப் பார்க்காமல் மாடிக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஒழுகிய தண்ணீர் அங்கேதான் தேங்கும். வெளியே தெரியும் பாகம் பளபளவென்றே இருக்கும்.

முகப்பிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். பல வீடுகளில் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். தீப்பிடித்தால் தப்பிக்க அருமையான வழி. போய்ப் பார்த்தால் அந்தக் கட்டு வேறொரு பங்காளியின் பங்காக இருக்கும், சாவி சிங்கப்பூரில் இருக்கும்! எல்லாப் பங்காளிகளிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே மேற்கொண்டு பேசுங்கள். கதவுகள் உள்பக்கம் திறப்பவை என்பதால் நிகழ்ச்சி முடியும்வரை கொக்கி மாட்டித் திறந்தே வையுங்கள். தீயணைப்புத் துறையினரை வரைபடம் போடும்போதே கூட்டிவந்து காட்டுங்கள்.

மேடை விளக்குகளைத் தூணில் ஆணியடித்து மாட்டாமல், தரையில் நிற்கும் கம்பங்களில் பொருத்துங்கள். அவற்றுக்கு மின்சாரம் பழைய வயரிங்கிலிருந்து வேண்டாம். மீட்டர் பெட்டியிலிருந்தே தனி இணைப்பு இழுத்துவிடுங்கள்.