ஜான் கிப்ளிங்கின் மூக்குக்கண்ணாடி

போன மாதம் ஒருவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்குப் பதினேழு வயது. ராணுவ ஆள்சேர்ப்புக்காக ஆறு மாதமாக ஓட்டம், தண்டால் என்று உடம்பைத் தேற்றி வைத்திருந்தான். கண் பரிசோதனை சார்ட் முன்னால் உட்காரவைத்தால் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தான். அந்த வேகமே சரியாகப் படவில்லை. சார்ட்டை மாற்றினேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டான். கண்ணை இடுக்கினான், தலையைச் சாய்த்தான். "வெளியில உக்காந்திருந்தப்ப போட்டோ எடுத்து மனப்பாடம் பண்ணிட்டான் டாக்டர்" என்று அப்பாவே சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்படியாவது ஃபிட்டுனு எழுதிக் குடுங்களேன்."

இப்படி யாராவது கேட்டால் எனக்கு ஜான் கிப்ளிங்கின் ஞாபகம் வந்துவிடும்.

மும்பையில் பிறந்த எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கின் ஒரே மகன் அவன். அப்பாவுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. கிட்டப்பார்வை மகனுக்கும் வந்தது. குடும்பத்தில் ஓடும் கோளாறு இது. கடற்படைக் கனவு கண்ணால் போயிற்று. 1914-ல் முதல் உலகப்போர் மூண்டதும் தரைப்படைக்குப் போனான். அங்கேயும் மருத்துவர்கள் முடியாது என்றார்கள். பையனுக்கும் ஆசை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கதவைத் திறந்தது அப்பாவின் செல்வாக்கு. பிரிட்டிஷ் ராணுவத்தின் முன்னாள் தலைமைத் தளபதியான நண்பர் ராபர்ட்ஸ் பிரபுவிடம் சொல்லி, அந்த ராணுவத்தின் ஐரிஷ் கார்ட்ஸ் படையில் அதிகாரியாகச் சேர்த்துவிட்டார். அப்போது ஜானுக்கு வயது 17.

1915 ஆகஸ்டில், பதினெட்டு நிறையும் தருணத்தில், பிரான்ஸ் போனான். செப்டம்பர் 27-ல் லூஸ் என்ற ஊரருகே அவனுடைய படை தாக்குதலில் இறங்கியது. அன்றோடு ஆளைக் காணவில்லை. 'காயம், காணவில்லை' என்றுதான் வீட்டுக்குத் தகவல் வந்தது. அப்பாவும் அம்மாவும் அடிபட்டுத் திரும்பிய சிப்பாய்களைத் தேடித்தேடி விசாரித்தார்கள். ஜெர்மானியர் பக்கம் விமானத்திலிருந்து துண்டறிக்கைகூடப் போட்டுப் பார்த்தார்கள்.

கண் நன்றாக இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லவரவில்லை. லூஸ் நினைவுச்சுவரில் கல்லறை தெரியாத 20,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோருக்குப் பார்வை பழுதில்லாமல்தான் இருந்திருக்கும். ஆனாலும் ஒரு கண் டாக்டராக என்னால் அந்தக் கண்ணாடியைத் தாண்டிப் போகமுடியவில்லை. மைனஸ் ஐந்து பவர் உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் இருபது சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாமே மங்கல். நீட்டிய கையின் விரல்கூடத் தெளிவாக இருக்காது. அந்தக் கண்ணாடியில் மழைத்துளியோ சேறோ பட்டால் யோசித்துப் பாருங்கள்.

கிப்ளிங் பிறகு போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையத்தில் சேர்ந்தார். அடையாளம் தெரியாத வீரர்களின் நடுகல்லில் 'இறைவன் மட்டுமே அறிவான்' என்ற பொருளில் பொறிக்கப்படும் வாசகம் அவர் தேர்ந்தெடுத்தது. 1936-ல் இறக்கும்வரை மகன் எங்கே கிடக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. 1992-ல்தான், பெயரில்லாத ஒரு ஐரிஷ் கார்ட்ஸ் லெப்டினன்டின் கல்லறை ஜானுடையது என்று ஆணையம் அறிவித்தது. ஏற்காமல் வாதிட்டவர்களும் உண்டு. ஜானுடையதுதான் என்றால், அத்தனை ஆண்டுகளும் மகன் தலைமாட்டில் இருந்தது அப்பா தேர்ந்தெடுத்த வாசகம்.

என்னிடம் வந்த அந்த அப்பாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. சொன்னது வேறு. என் சான்றிதழைப் பார்த்து யாரும் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை, ராணுவ மருத்துவர்கள் தாங்களே பரிசோதிப்பார்கள். லேசிக் என்ற லேசர் அறுவை செய்து மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; கருவிழியில் வெட்டிய விளிம்பு, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் தெரிந்துவிடும். இந்த வயதில் பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால் அந்த அறுவையே இப்போது கூடாது. பவர் வரம்பு பணிக்குப் பணி மாறும். கண்ணாடியோடு சேர்த்துக்கொள்ளும் பணிகளும் உண்டு, அந்தந்த ஆள்சேர்ப்பு அறிவிப்பைப் பாருங்கள். கிட்டப்பார்வை அதிகமானால் விழித்திரை மெலிந்து கிழியும் வாய்ப்பும் கூடும். அதற்காகவாவது வருடத்துக்கு ஒருமுறை கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கவேண்டும்.

அப்பா பாதியிலேயே செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பையன் மட்டும் இருந்தான். பவர் பார்க்க மாட்டும் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தில் மைனஸ் நாலரை லென்ஸைப் போட்டு மாட்டிவிட்டேன். சுவரில் இருந்த இரண்டாவது சார்ட்டை மேலிருந்து கீழே ஒவ்வொரு எழுத்தாக, இந்தமுறை மெதுவாக, படித்துக்கொண்டே போனான்.