சொட்டாத கசிவு

புளியரையில் மலை ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது என் பட்டறை. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொல்லம் போகிற பிக்கப் வண்டிகள்தான் இங்கே அதிகம் வரும். பெரும்பாலும் பழைய டீசல் வண்டிகள்.

ஓணத்துக்கு முந்தின வாரம் ஒரு தம்பி வந்தார். காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடித்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, எஸ் வளைவில் ஏறும்போது இழுவை விட்டுவிடுகிறது என்றார். வேறொரு பட்டறையில் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பம்ப் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். "வட்டிக்கு வாங்கித்தாண்ணே மாத்தணும்" என்றபோது முகம் வாடியிருந்தது.

வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு டீசல் இல்லை. அதனால்தான் டீசல் வரும் ரப்பர் ஹோஸை யாரும் சந்தேகப்படவில்லை. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை, அதாவது டீசலை உறிஞ்சி ஃபில்டருக்கு அனுப்பும் சின்ன பம்ப் வரை, உள்ளது உறிஞ்சும் பக்கம். அங்கே ரப்பர் வெடித்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இரவில் வண்டி நிற்கும்போது அந்த வெடிப்பு வழியே காற்று புகுந்து, பைப்பில் உள்ள டீசல் டேங்குக்கே இறங்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஃபில்டருக்கு முன்னால் டீசல் தாங்கும் ஒரு முழம் உள்ளே தெரியும் ப்ளாஸ்டிக் ட்யூப் மாட்டி எஞ்சினை ஓட விட்டால் குமிழி ஓடுவது தெரியும். அப்புறம் டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் உள்ள கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு லைன் கொடுங்கள். குமிழி நின்றால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். நிற்கவில்லையென்றால் ஃபீட் பம்பையும் அதன் வாஷர்களையும் பார்க்க வேண்டும். அந்தத் தம்பியின் வண்டியில் சேஸிஸ் ஓரத்தில் உரசி வெடித்த ஹோஸ் ஒன்றுதான். மாற்றி, ஹேண்ட் ப்ரைமரை (டீசல் ஏற்றக் கையால் அடிக்கும் பம்ப்) அடித்துக் காற்றை வெளியேற்றினோம். பம்பைத் தொடவே இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் காமன் ரெயில் வண்டியில், காற்றை எடுக்கிறேன் என்று எஞ்சின் ஓடும்போது நாசிலுக்கு டீசல் போகும் பைப்பை லூஸ் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி ஆனால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதே மாதிரி சொட்டாத இன்னொரு கசிவு இருக்கிறது, அதுதான் எனக்கு அதிக பயம். பிரேக் பெடலை லேசாக மிதிக்க உதவுவது பூஸ்டர். டீசல் எஞ்சினில் அதற்கான வேக்கம் (காற்றை உறிஞ்சும் இழுவை) தனி பம்பிலிருந்து வருகிறது. பல பிக்கப்புகளில் அது டைனமோவின் பின்னாலேயே இருக்கும். அந்த ஹோஸில் வெடிப்பு விழுந்தால் ஆயில் லெவல் சரியாக இருக்கும், பிரேக் ஆயிலும் குறையாது, ஆனால் பெடல் கல்லு மாதிரி ஆகிவிடும். டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்கினாலும் இதே கதிதான். சில மிதியிலேயே பூஸ்டர் காலியாகிவிடும், எஞ்சின் பிடிமானமும் இருக்காது.

புறப்படும் முன் எஞ்சினை அணைத்துவிட்டு பெடல் இறுகும்வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் லோடோடு மலைக்குப் போகாதீர்கள், முதலில் அந்த ஹோஸைப் பாருங்கள்.