இரும்புச் சத்தத்தில் மெட்டுக் கட்டிய குழு

1980-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள பாசில்டன் நகரத்து இளைஞர்கள் நால்வர் டெபெஷ் மோட் இசைக்குழுவைத் தொடங்கினார்கள். டேவ் கான் பாடினார். வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்டி ஃப்ளெட்சர் மூவரும் ஆளுக்கொரு சிறிய சிந்தசைசர், அதாவது மின்சாரத்தால் ஒலி எழுப்பும் கருவி, வாசித்தார்கள். அந்தக் கருவிகளில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் எழும். ஆகவே தனித்தனி மெட்டுகளை ஒன்றோடொன்று பின்னித்தான் பாட்டை நிரப்ப வேண்டியிருந்தது. அவர்களுடைய ஆரம்பகாலப் பாடல்களின் துள்ளலுக்கு இந்தக் குறையே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலச் சிந்தசைசர் வேலை செய்யும் விதம் எளிமையானது. ஆஸிலேட்டர் என்ற மின்சுற்று ஒரு அலையை உண்டாக்கும். அது ரம்பப் பல் வடிவ அலை என்றால், அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2, 3, 4 மடங்கு என எல்லா மேற்சுரங்களும் சேர்ந்தே வரும். சதுர அலை என்றால் 3, 5, 7 என ஒற்றைப்படை மடங்குகள் மட்டும். அதில் வேண்டாத அதிர்வெண்களை ஃபில்டர் வெட்டிவிடும். ஒலி எவ்வளவு வேகமாக எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்பதை என்வலப் முடிவு செய்யும். சட்டென்று எழுந்து அடங்கினால் தாளம், மெல்ல எழுந்தால் இழுவை. இவர்களுடைய பாடல்களை வெளியிட்ட மியூட் ரெக்கார்ட்ஸ் நிறுவனர் டேனியல் மில்லரிடம் இருந்த ஏ.ஆர்.பி. 2600 கருவியும் இப்படித்தான். அதில் மின்னழுத்தம் 1 வோல்ட் கூடினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். வரிசையாக வெவ்வேறு மின்னழுத்தங்களை அனுப்ப ஒரு சீக்வென்சர் இருந்தால் போதும், விரல் படாமலே மெட்டு ஓடும்.

1981-இல் முதல் ஆல்பம் வந்தது. அந்த ஆண்டே கிளார்க் விலகினார். பாட்டெழுதும் பொறுப்பு கோர் கைக்கு வந்தது, அடுத்த ஆண்டு ஆலன் வைல்டர் சேர்ந்தார்.

உண்மையான திருப்பம் 1983-இல், எந்தச் சத்தத்தையும் பதிந்து சுரமாக வாசிக்க உதவும் சாம்ப்ளர் கருவியின் வடிவில் வந்தது. லண்டனின் ஷோர்டிச் பகுதியில் ஆல்பம் பதிவானபோது, குழுவினர் சுற்றுவட்டாரத்தில் கிடைத்த இரும்பையும் தகரத்தையும் தட்டி அந்தச் சத்தங்களைப் பதிவு செய்தார்கள். சாம்ப்ளர் ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாகச் சேமிக்கும். எமுலேட்டர் போன்ற 8 பிட் கருவியில் ஒவ்வொரு அளவும் 256 படிகளில் ஒன்றாகத்தான் பதியும். அதனால் ஒலியில் லேசான சொரசொரப்பு ஏறிவிடும். சேமித்த எண்களைப் பாதி வேகத்தில் படித்தால் ஒலி ஒரு ஸ்தாயி இறங்கும், இரு மடங்கு நேரம் நீளும். ஒரு சின்ன 'டிங்' இப்படித்தான் கனத்த மணியாகிறது.

இரும்பு ஏன் அப்படி ஒலிக்கிறது? இழுத்துக் கட்டிய கம்பியின் மேற்சுரங்கள் ஏறக்குறைய முழு மடங்குகளாக இருக்கும், அதனால் காது அதை ஒரே சுரமாகக் கேட்கிறது. ஆனால் ஒரு சீரான இரும்புச் சட்டத்தைத் தட்டினால் அதிர்வுகள் 1, 2.76, 5.40, 8.93 என்ற விகிதத்தில் எழும். அவை ஒன்றோடொன்று ஒட்டாது. ஒரு எவர்சில்வர் தட்டு தரையில் விழும்போது அது எந்தச் சுரம் என்று நம்மால் சொல்ல முடியாமல் போவதற்கும் இதே போன்ற ஒட்டாமைதான் காரணம். பாட்டுக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட இந்தச் சத்தத்தை மெட்டுக்குள் கொண்டுவந்ததுதான் இந்தக் குழுவின் பெரிய சாதனை என்பேன்.

அப்புறம் பெர்லின். பெர்லின் சுவரை ஒட்டியிருந்த ஹான்சா ஸ்டுடியோவில் ஒலிப்பொறியாளர் கேரத் ஜோன்ஸ் சிந்தசைசர் ஒலியைப் பெரிய ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிட்டு, கூடத்தில் மைக் வைத்துத் திரும்பப் பதிவு செய்தார். சிந்தசைசரிலிருந்து கம்பி வழியே நேராக நாடாவுக்குப் போகும் ஒலியில் இடம் என்பதே கிடையாது. கூடத்தில் ஒலித்தால் சுவர்களும் கூரையும் அதைச் சற்றுத் தாமதமாகத் திருப்பி அனுப்பும், அந்தத் தாமதங்களிலிருந்துதான் மூளை அறையின் அளவைக் கணிக்கிறது. 1984-க்குப் பிந்தைய பாடல்களில் கேட்கும் ஆழத்துக்கு இதில் பெரும் பங்குண்டு.

1989-இல் வந்த 'பெர்சனல் ஜீசஸ்' பாடலில் கிட்டார் முன்னால் வந்து நின்றது. அதன் தாளத்துக்காகக் கருவிப் பெட்டிகள் மேல் ஆட்கள் குதிக்க, அந்த மிதிச் சத்தத்தைப் பதிவு செய்து சேர்த்தார்கள்.