ஃபேனை நிறுத்திவிட்டு ஷாட் வையுங்கள்

போன வாரம் ஒரு கல்லூரியின் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) துறைக்கு எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளராக, போயிருந்தேன். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குத் தேர்வு இதுதான்: ஒரு த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துக் காட்ட வேண்டும். எப்படி எடுத்தோம், எது சரியாக வந்தது, எங்கே கோட்டைவிட்டோம் என்று ஒரு மதிப்பீட்டு அறிக்கையும் தர வேண்டும். பதினொரு குழு, பதினொரு படம். அதில் ஒன்பது படங்களில் சீலிங் ஃபேன் சத்தம்தான் ஹீரோ.

எனக்குத் தொழில் ஒலிப்பதிவு. இப்படி வருஷத்துக்கு இரண்டு மூன்று கல்லூரிகளுக்குப் போவேன், சொல்ல வேண்டியதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

நாலாவதாக ஒரு படம் போட்டார்கள். இரவு, சமையலறை. தனியாக இருக்கும் ஒரு பெண் தண்ணீர் குடிக்க வருகிறாள். குழாய் சொட்டுகிறது. இறுக்கி மூடிவிட்டுக் கூடத்துக்குப் போகிறாள். மறுபடியும் சொட்டுகிறது. அப்படியே நிற்கிறாள். போனை எடுத்து, "அம்மா, வீட்ல யாரோ இருக்காங்கம்மா" என்று கிசுகிசுக்கிறாள். அவ்வளவுதான், டைட்டில்.

எவ்வளவு நல்ல யோசனை! கத்தி, ரத்தம், முகமூடி எதுவும் வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் போதும் என்று இருபது வயதில் தோன்றியிருக்கிறதே. ஆனால் அந்தச் சொட்டு யாருக்கும் கேட்கவில்லை. கிசுகிசுப்பும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஃபேன், அதற்கு அடியில் ஃபிரிட்ஜின் உறுமல், எல்லாவற்றுக்கும் மேலே இணையத்தில் இறக்கிய ஒரு திகில் இசை. அதே இசையை அன்று மூன்றாவது முறையாகக் கேட்டேன்.

அறிக்கையைப் புரட்டினேன். எந்த லென்ஸ், ஏன் நீல நிற வெளிச்சம் என்று இரண்டு பக்கம். ஒலிக்கு ஒரே வரி: "ஒலியில் இருந்த சிறு குறைகள் பின்னணி இசையின் மூலம் சரிசெய்யப்பட்டன."

இந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். பின்னணி இசை எதையும் சரிசெய்யாது. தயவுசெய்து இதை எழுதி எடிட்டிங் லேப் சுவரில் ஒட்டுங்கள். இரைச்சலின் மேல் இசையைப் போட்டால் இரைச்சலும் இருக்கும், இசையும் இருக்கும். இசை நிற்கிற இடத்தில் ஃபேன் இன்னும் பூதாகாரமாகக் கேட்கும். த்ரில்லரில் இசை எங்கே நிற்கும்? பயம் வர வேண்டிய அந்த இடத்தில்தான். அதனால் பிள்ளைகள் இசையை நிறுத்தவே பயப்படுகிறார்கள். இரண்டு நிமிடமும் ஓடவிடுகிறார்கள். முதல் நொடியிலேயே "பயப்படு, பயப்படு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பார்க்கிறவன் எப்போது பயப்படுவான்? தாளிக்கத் தெரியாதவர் ரசத்தில் மிளகாய்ப்பொடியைக் கொட்டுவது போல.

1954-இல் 'அந்த நாள்' வந்தது. தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது, ஒரு மனிதன் சாகிறான். படம் முழுக்க ஒரு பாட்டுகூடக் கிடையாது. அதை இயக்கிய எஸ். பாலசந்தர் யார்? வீணை வித்வான். இசை தெரிந்தவருக்குத்தான் எங்கே அது வேண்டாம் என்பதும் தெரியும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அந்த நாலாவது குழுவின் டைரக்டர் பையனிடம் கேட்டேன்.

"தம்பி, ஹெட்போன் போட்டுக் கேட்டது யாரு?"

"இல்ல சார், கேமரா மைக்லயே எடுத்தோம். எடிட்ல நாய்ஸ் எடுத்துக்கலாம்னு..."

எடிட்டில் பார்த்துக்கொள்ளலாம்! எத்தனை படங்களை இந்த வாக்கியம் காவு வாங்கியிருக்கிறது.

மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கலாம், மறுக்கவில்லை. நானே தினமும் செய்கிறேன். சாதாரணமாகப் பேசுகிற குரலுக்கு அது ஓரளவு உதவும். கிசுகிசுப்புக்குப் பெரும்பாலும் உதவாது. உங்கள் தொண்டையில் விரலை வைத்து "அம்மா" என்று சொல்லிப் பாருங்கள், அதிரும். இப்போது அதையே கிசுகிசுத்துப் பாருங்கள். அதிர்வு இல்லை, வெறும் காற்று. ஃபேன் போடுகிற சத்தமும் காற்றுதான். எது ஃபேன், எது அந்தப் பெண் என்று மென்பொருளுக்குப் பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு. ஃபேனை அழிக்கப் போய் அவளையும் சேர்த்து அழிக்கும். மிச்சம் இருப்பது தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். த்ரில்லரில் பாதி வசனம் கிசுகிசுப்புதானே? நீங்கள் எடுக்கும் படத்துக்கு எந்த மருந்து வேலை செய்யாதோ, அதையே நம்பிக்கொண்டு போகிறீர்கள்.

அப்புறம் கேமராவில் ஆட்டோ கெயின் ஆனில் இருந்தது. எல்லோரும் அமைதியானதும் அது தானே ஒலியைத் தூக்கும், ஃபேன் இரைந்துகொண்டு மேலே வரும். உங்கள் மௌனத்துக்கு அதுதான் எமன்.

அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது: "பார்வையாளர்கள் மிகவும் பயந்ததாகத் தெரிவித்தனர்." யார் அந்தப் பார்வையாளர்கள் என்றேன். ஹாஸ்டல் ரூம்மேட்ஸாம். படத்தில் கூடவே வேலை பார்த்தவனே ரூம்மேட் என்றால் அவன் என்ன சொல்லுவான்? கதை தெரியாத ஐந்து பேரை உட்கார வையுங்கள். பக்கத்து டிபார்ட்மெண்ட், எதிர்வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி. படம் ஓடும்போது திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். எந்த நொடியில் போனை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "எப்படி இருந்துச்சு" என்று கேட்கவே கூடாது, நம் ஊரில் அதற்கு "சூப்பர்" என்று ஒரே பதில்தான். "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கேளுங்கள். குழாய் சொட்டியது என்று ஐந்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்றால் அதை அப்படியே அறிக்கையில் எழுதுங்கள். அதற்கு நான் மார்க் போடுவேன். குழுவாக வேலை செய்யக் கற்றுக்கொண்டோம் என்பதற்குப் போட மாட்டேன்.

இனி செய்ய வேண்டியவை. பெரிய செலவு எதுவும் கிடையாது.

லொகேஷன் பார்க்கப் போகும்போது கண்ணை மூடி இரண்டு நிமிடம் நில்லுங்கள். என்ன கேட்கிறதோ அதுதான் உங்கள் படம். ஃபேனை நிறுத்துங்கள், வியர்க்கட்டும். ஃபிரிட்ஜையும் அணையுங்கள். அணைத்ததும் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவிக்காகத் திறந்தாக வேண்டும், திரும்ப ஆன் செய்யவும் மறக்காது. (மறந்த ஒரு வீட்டில் இரண்டு நாள் மாவு புளித்துக் கிடந்து நாங்கள் வாங்கிய திட்டு தனிக்கதை.) மைக்கை நடிகரின் பக்கத்தில் கொண்டுபோங்கள். பத்தடியில் இருப்பதை இரண்டடிக்குக் கொண்டுவந்தால் அறையின் இரைச்சல் அப்படியே இருக்க, குரல் மட்டும் சுமார் 14 டெசிபல் கூடும், எந்த மென்பொருளும் அதைத் தராது. ரெக்கார்டர் இல்லையென்றால் இன்னொரு செல்போனை ஃப்ளைட் மோடில் போட்டு ஃபிரேமுக்கு வெளியே வையுங்கள், ஒரு கைதட்டு போதும், அந்தச் சத்தத்தை வைத்து ஒலியைப் படத்தோடு சிங்க் செய்துவிடலாம் (பொருத்திவிடலாம்). ஆட்டோ கெயினை அணைத்து, ஒலி மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கிற மாதிரி வையுங்கள். கடைசி ஷாட் முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் அசையாமல் அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்யுங்கள், எடிட்டில் இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும். பிரியாணி ஆறாது.

ஒலிக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, கோபமாகவே சொல்கிறேன். அன்று ஒரு படத்தில் கடத்தப்பட்ட பையனின் முகத்தில் நிஜ பிளாஸ்டிக் கவரைக் கட்டியிருந்தார்கள். "டேக் சின்னதுதான் சார்" என்றார்கள். மூச்சுக்கு டேக் கணக்குத் தெரியுமா? துணிப்பை போடுங்கள், அதுவும் முடிச்சு இல்லாமல். பொம்மைத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ராத்திரி தெருவில் ஓடாதீர்கள், பார்க்கிறவருக்கு அது பொம்மை என்று தெரியாது.

நாலாவது குழுவுக்கு ஒரு வாரம் அவகாசம் வாங்கிக் கொடுத்தேன். நேற்று லிங்க் அனுப்பியிருந்தார்கள். படம் பழையதுதான், ஒரு ஷாட்கூட மாற்றவில்லை. கிசுகிசுப்பைப் போர்வைக்குள் உட்கார்ந்து மறுபடி பதிவு செய்திருக்கிறார்கள், சொட்டையும் புதிதாகப் பிடித்திருக்கிறார்கள். இசையை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். நான் ராத்திரி பதினொரு மணிக்கு ஹெட்போனில் கேட்டேன். இரண்டாவது சொட்டு விழுந்ததும் எழுந்துபோய் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இந்தச் சொட்டு எங்கே பிடித்தது என்று கேட்டு மெசேஜ் போட்டேன்.

"பாட்டி வீட்ல சார். மூணு வருஷமா ஒழுகுது, நாங்கதான் கேட்டதில்ல."