ஒவ்வொரு அழைப்புக்கும் விஸ்டிலைப் புதிதாக இறக்க வேண்டுமா?

பில்லிங் பக்கத்தில் 'கூரியர் கட்டணம்' பொத்தானை அழுத்தினால் நான்கு விநாடி சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார். சர்வரில் ரேம் கூட்டினோம், டேட்டாபேஸில் இண்டெக்ஸ் போட்டோம், ஒன்றும் குறையவில்லை. கூரியர் நிறுவனத்தின் ஏபிஐதான் (நம் புரோகிராம் அவர்கள் சர்வரிடம் கேட்டு பதில் வாங்கும் வழி) மந்தம் என்று முடிவுகட்டி, அவர்களுக்குப் புகார் மெயில்கூடத் தயார்.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை செய்தோம். அந்த ஏபிஐ சோப் (SOAP) வகை, அதாவது எக்ஸ்எம்எல் வடிவில் கேள்வி-பதில் அனுப்பும் முறை. அதனுடன் பேசும் சோப் கிளையன்டை உருவாக்கும் வரிக்கு எவ்வளவு நேரம், கட்டணம் கேட்கும் வரிக்கு எவ்வளவு நேரம் என்று தனித்தனியாக லாகில் எழுத வைத்தோம். கட்டணம் கேட்க அரை விநாடிகூட ஆகவில்லை. மீதி நேரம் முழுவதும் கிளையன்டை உருவாக்கும் வரியிலேயே போயிருந்தது.

அந்த ஒரு வரிக்குள் நிறைய நடக்கிறது. ஒரு சோப் சேவையில் என்னென்ன செயல்கள் உண்டு, எதற்கு என்ன தகவல் தர வேண்டும், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் சொல்லும் எக்ஸ்எம்எல் கோப்புதான் டபிள்யூஎஸ்டிஎல் (WSDL). பேச்சில் விஸ்டில் என்போம். கிளையன்ட் முதலில் இதை இறக்கிப் படித்தாக வேண்டும். பல விஸ்டில்கள் ஒரே கோப்பாகவும் இருக்காது. உள்ளே இன்னும் சில ஸ்கீமா கோப்புகளை (தகவலின் வடிவத்தைச் சொல்பவை) கைகாட்டும். அவற்றையும் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எங்கள் கூரியர் விஸ்டிலில் அப்படி நான்கு. ஆக, ஒரு கட்டணம் கேட்க ஐந்து கோப்புகள், ஐந்து இணைப்புகள், ஐந்து டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் (பாதுகாப்பான இணைப்புக்கான ஆரம்பப் பேச்சு). இத்தனையும் முடிந்த பிறகுதான் உண்மையான கேள்வியே போகிறது.

பிஎச்பி மொழியில் விஸ்டில் கேச், அதாவது ஒருமுறை இறக்கியதை மறுமுறைக்கு எடுத்துவைப்பது, இயல்பாகவே இயங்கும். ஆயுள் 86,400 விநாடி, அதாவது ஒரு நாள். அப்படியிருந்தும் எங்களுக்கு ஏன் இந்த நிலை? புரோகிராம் கோடைத் திறந்தால், கிளையன்ட் உருவாக்கும் இடத்தில் 'கேச் வேண்டாம்' என்ற ஆப்ஷன். டெவலப்மென்ட்டில் விஸ்டில் அடிக்கடி மாறும், அப்போது இது அவசியம். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டோம், அதுவே லைவுக்குப் போய்விட்டது. வேறு பல புராஜெக்டுகளிலும் இதே வரியைப் பார்த்திருக்கிறேன். பைத்தான் மொழியில் ஜீப் (Zeep) என்ற சோப் நூலகம் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் கேச் தானாக வராது, நாம்தான் சேர்க்க வேண்டும்.

சரி, கேச்சை இயக்கிவிட்டால் போதுமா? போதாது. அது எந்த ஃபோல்டரில் உட்காருகிறது என்று பாருங்கள். பிஎச்பி இயல்பாக வைப்பது சர்வரின் பொது டெம்ப் ஃபோல்டரில். ஒரே சர்வரை நாலு பேர் பகிர்ந்தால், கேச் கோப்பின் பெயரை முன்கூட்டியே ஊகித்து, அந்தப் பெயரில் போலி விஸ்டிலை வேறொருவர் வைத்துவிட முடியும் என்று ஒரு பாதுகாப்புக் குறைபாடே பொதுப் பட்டியலில் பதிவாகியிருக்கிறது: சிவிஇ (CVE) 2013-6501. போலி விஸ்டிலில் முகவரியை மாற்றினால் உங்கள் பாஸ்வேர்டும் வாடிக்கையாளர் விவரமும் அந்த முகவரிக்குப் போகும். அந்த அப்ளிகேஷனின் யூசர் மட்டும் படிக்கவும் எழுதவும் கூடிய தனி ஃபோல்டர் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், பழைய விஸ்டில் சிக்கல். சேவை தருகிறவர்கள் ஒரு ஃபீல்டைச் சேர்த்திருப்பார்கள், நம் கேச்சில் நேற்றைய விஸ்டில் இருக்கும். மெமரி கேச் என்றால் இன்னும் குழப்பம். ஒவ்வொரு பிஎச்பி வொர்க்கரும் (கோரிக்கைகளைக் கவனிக்கும் புராசஸ்) தனக்கென ஒரு பிரதி வைத்திருப்பதால், ஒரு முறை சரியாக வரும், அடுத்த முறை பிழை வரும். இப்படி 'சில நேரம் மட்டும்' வரும் பிழையைக் கண்டால் கேச் கோப்புகளை அழித்து, வொர்க்கர்களை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

இப்போதெல்லாம் முக்கியமான சேவைகளுக்கு விஸ்டிலையும் அதன் ஸ்கீமா கோப்புகளையும் கோடோடு சேர்த்தே வைத்துக்கொள்கிறேன். வேகம் ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கு அதைவிடப் பெரிது: விஸ்டில் இருக்கும் சர்வர் படுத்துவிட்டாலும், சேவை ஓடிக்கொண்டிருக்கும் வரை நம் பக்கமும் ஓடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. விஸ்டிலுக்குள் எழுதியிருக்கும் முகவரி டெஸ்ட் சர்வருடையதா, லைவ் சர்வருடையதா என்று பார்த்து, தேவையென்றால் கிளையன்டில் முகவரியைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

சொந்தப் பிரதி வைத்தால் மாற்றம் தெரியாமல் போகுமே என்று கேட்பீர்கள். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) அசல் கோப்புகளை இறக்கி, எங்கள் பிரதியோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் மெயில் அனுப்பும். முதல் மெயில் வர மூன்று மாதம் ஆயிற்று. கட்டாயமில்லாத ஒரு புது ஃபீல்டு சேர்ந்திருந்தது. மதியம் டெஸ்ட் சர்வரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் லைவில் ஏற்றினோம்.