வால்யூமைக் கூட்டினால் காது கேட்டுவிடாது

செவித்திறன் பரிசோதகரான என்னிடம் இதே சிக்கலோடு இந்த மாதத்தில் வந்த நான்காவது பையன் இவன். ஒன்பது வயது, இரண்டு காதிலும் காதொலிக் கருவி. வகுப்பில் வீடியோ போட்டதும் கருவியைக் கழற்றிப் பென்சில் பெட்டிக்குள் வைத்துவிடுகிறான் என்று அம்மா அழாக்குறையாகச் சொன்னார். பள்ளியிலிருந்து ஒரு குறிப்பும் வந்திருந்தது. புதிய ஒலிபெருக்கி வாங்கியும் பயனில்லையாம், கவனம் இல்லையாம். கடைசியில், "இவன் கேட்டுக் கற்கும் வகை அல்ல, பார்த்துக் கற்கும் வகை" என்று ஒரு தீர்ப்பு.

கருவியில் பழுதில்லை. பேட்டரி, காதுக்குள் பொருந்தும் அச்சு எல்லாம் சரி. ஏன் கழற்றுகிறாய் என்று பையனிடமே கேட்டேன். தகர டப்பாவைக் காதுக்குள் வைத்துத் தட்டுவதுபோல் இருக்கிறது என்றான். செவித்திறன் சோதனை அறையில் நான் எடுக்கும் எந்த வரைபடமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்வதில்லை.

அந்த ஒலிபெருக்கியை அக்கறையில்தான் வாங்கியிருப்பார்கள். அதனால்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். காது மந்தம் என்றால் சத்தத்தைக் கூட்டினால் தீர்ந்தது என்ற நினைப்பை எத்தனை பெற்றோர் கூட்டத்தில் மறுத்துப் பேசியிருக்கிறேன் என்று கணக்கில்லை. ஆசிரியர்களே, இன்னும் ஒரு முறை சொல்கிறேன்.

காசு, காடு, காது. மூன்றையும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'கா' மூன்றிலும் கணீரென்று விழும். சொல்லைப் பிரித்துக் காட்டுவதோ நடுவில் வரும் அந்தச் சின்ன மெய்யொலி. 'சு'வில் இருக்கும் சீறல் உச்ச அதிர்வெண்ணில் வரும் மெல்லிய ஓசை. செவித்திறன் குறைந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முதலில் தொலைவது அந்தப் பகுதிதான். வால்யூமைக் கூட்டினால் 'சு' மட்டும் கூடாது, 'கா'வும் சேர்ந்து கூடும். ஏற்கெனவே கேட்டது இன்னும் பலமாகக் கேட்கும். கேட்காதது பெரும்பாலும் கேட்காமலேயே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. உட்செவி பழுதான குழந்தைக்கு மெல்லிய ஒலிதான் கேட்பதில்லை. உரத்த ஒலி உங்களுக்கும் எனக்கும் எவ்வளவு உரப்போ அவனுக்கும் ஏறத்தாழ அவ்வளவே. 'கேட்கவில்லை' என்பதற்கும் 'தாங்க முடியவில்லை' என்பதற்கும் நடுவே அவனுக்கு இருக்கும் இடம் குறுகல். முழு வால்யூமில் கரகரக்கும் ஒலிபெருக்கி அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. கழற்றாமல் என்ன செய்வான்?

மின்விசிறி இரைச்சலை வால்யூமால் ஓரளவு வெல்லலாம். எதிரொலியை வெல்ல முடியாது, குரல் ஏற ஏற அதுவும் ஏறும். வகுப்பறை ஒலியியலுக்கான ஏ.என்.எஸ்.ஐ. எஸ்12.60 என்ற அமெரிக்கத் தரநிலை, சாதாரண அளவு வகுப்பறை காலியாக இருக்கும்போது இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது, எதிரொலி அடங்க 0.6 விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்கிறது. பேச்சு, சுற்றியுள்ள இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும் என்பது எங்கள் துறையின் பொதுவான பரிந்துரை. வெறும் சுவரும் வெறும் தரையும் உள்ள அறையில் ஒலிபெருக்கி வாங்கும் காசுக்குத் திரைச்சீலையும் சுவரில் துணிப் பலகையும் வாங்கலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் உதவும்.

இந்தப் பையனின் கதையில் என்னை நொந்துகொள்ள வைத்தது வேறு. அவனிடம் ரிமோட் மைக் இருக்கிறது. ஆசிரியர் கழுத்தில் மாட்டிக்கொண்டால் குரல் நேராகக் கருவிக்குள் வரும். மாட்டியும் இருக்கிறார், பாராட்டுகள். ஆனால் வீடியோ ஓடும்போது பேசுவது வீடியோ. மைக்குக்குக் கிடைப்பது ஆசிரியரின் மூச்சும் மணிச் சரத்தின் கிணுகிணுப்பும். அந்த மைக் அனுப்பிகள் பலவற்றில் ஆடியோ ஒயர் மாட்ட ஒரு துளை உண்டு. கணினியின் ஹெட்போன் துளையில் ஒலியை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டர், ஒரு முனை ஒலிபெருக்கிக்கு, மறு முனை அனுப்பிக்கு. அவ்வளவே! துளை இல்லாத மாடல் என்றால் மைக்கைக் கழற்றி ஒலிபெருக்கியின் முன்னால் வையுங்கள். புளூடூத் ஒலிபெருக்கி வேண்டாம். ஒலி சற்றுத் தாமதித்து வந்தால் உதடு ஒன்று சொல்லும், காது ஒன்று கேட்கும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் குழந்தை நடுவில் தவிக்கும்.

இடைவேளையில் மைக்கை அணைத்துவிடுங்கள். ஆசிரியர் அறையில் நடப்பதெல்லாம் அந்தக் குழந்தைக்குக் கேட்கிறது. என்னிடம் சில பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள், நான் யாரிடமும் சொல்லவில்லை.

'கேட்டுக் கற்கும் வகை' விஷயம். குழந்தைகளை அப்படி வகை பிரித்து, வகைக்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் ஹெரால்டு பாஷ்லரும் மற்ற மூன்று உளவியலாளர்களும் ஆய்வுகளை அலசிச் சொன்னார்கள். அந்த வகைக் கட்டம் இன்னும் மதிப்பெண் அட்டைகளில் உயிரோடு இருக்கிறது. இவன் பார்த்துக் கற்கும் வகையல்ல. கேட்காததால் பார்க்கிறான்.

பார்ப்பதற்காவது விடுகிறோமா? வீடியோ ஓடுகிறது, கீழே சப்டைட்டில் ஓடுகிறது, அதற்கு மேல் ஆசிரியரும் விளக்கம் சொல்கிறார். அவனுக்கு இருப்பது இரண்டு கண். வீடியோவை நிறுத்துங்கள், பிறகு பேசுங்கள். தானாக உருவாகும் சப்டைட்டிலை அப்படியே நம்பிவிடாதீர்கள், முந்தைய நாளே ஒரு முறை ஓட்டித் திருத்துங்கள். பின்னணி இசை இல்லாத பதிவு கிடைத்தால் அதையே எடுங்கள். மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வகுத்த இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டு நெறிகளின் உயர்ந்த படிநிலை, பேச்சைவிடப் பின்னணி ஒலி 20 டெசிபல் தாழ்ந்திருக்கச் சொல்கிறது. பாட வீடியோக்களில் புல்லாங்குழல் சில நேரம் ஆசிரியரையே மிஞ்சுகிறது.

என் அறைக்கு வராத குழந்தைகளுக்கும் இதில் பங்குண்டு. வாசிக்கத் திணறும் குழந்தைக்கு எழுத்தை வாசித்துக் காட்டும் செயலி பெரிய துணை. அதை அவனுடைய ஹெட்போனில், அவனுடைய வேகத்தில் கொடுங்கள், வகுப்பு முழுக்க ஒலிக்கவிட்டு அவனைக் கூச வைக்காதீர்கள். சூத்திரங்களையும் சுருக்கக் குறியீடுகளையும் அந்தச் செயலிகள் கன்னாபின்னாவென்று வாசிக்கும், முதலில் நீங்கள் கேட்டுவிடுங்கள். பார்வையற்ற மாணவி உட்கார்ந்திருக்கும் வகுப்பில் "இதோ இங்கே பாருங்கள், இது அதோடு சேர்கிறது" என்றால் அவளுக்கு என்ன கிடைக்கும்? எது எதோடு சேர்கிறது என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். ஸ்லைடு மாறும்போது 'விர்' என்ற ஓசை எதற்கு? ஒலிக்குக் கூசும் குழந்தை அடுத்த 'விர்' எப்போது வரும் என்று காத்திருப்பதிலேயே பாடத்தை விட்டுவிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பாடத்துக்கான வீடியோவை வகுப்பறையிலேயே போட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து திரையைப் பார்க்காமல் இரண்டு நிமிடம் கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதுங்கள். எழுத முடியாமல் விட்ட சொற்களைக் கோடிட்டு, அந்தத் தாளை அடுத்த முறை குழந்தையோடு எனக்கு அனுப்பிவையுங்கள்.