நரம்பு உளவியல் மதிப்பீடு: சொல்லும் பொருளும்

"நியூரோசைக்கலாஜிக்கல் டெஸ்டிங் ஒன்று எடுத்துவிடுங்கள்" என்று மருத்துவரோ பள்ளி ஆலோசகரோ சொன்னதும் பெற்றோருக்கு வயிறு கலங்கிவிடும். நியூரோ என்றால் நரம்புக் கோளாறு, சைக்கோ என்றால் பைத்தியம், டெஸ்ட் என்றால் பாஸா ஃபெயிலா. இப்படித்தான் அந்தச் சொல் காதில் விழுகிறது. உண்மைப் பொருள் இதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது.

கிரேக்கத்தில் நியூரான் என்பது முதலில் தசைநாரைக் குறித்தது, அப்புறம் அதில் திரித்த வில்நாணையும் குறித்தது. உடலில் ஓடும் நரம்புக்கு அந்தப் பெயர் வந்தது பிறகுதான். தமிழும் இதே வழியில் போயிருக்கிறது: சங்கப் பாடல்களில் யாழின் தந்திக்குப் பெயர் நரம்பு. சைக்கே என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூச்சு, உயிர் என்று பொருள். பிற்காலத்தில் மனத்தைக் குறித்தது. பைத்தியம் என்ற பொருள் அதில் எங்குமே இல்லை. இரண்டும் சேர்ந்த நியூரோசைக்காலஜி என்ற கூட்டுச்சொல் இருபதாம் நூற்றாண்டில்தான் பரவியது. கனடா உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949-இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பில் 'நியூரோசைக்கலாஜிக்கல்' என்ற வடிவில் அது இடம்பெற்றது. மூளையின் இயக்கம் நடத்தையாகவும் சிந்தனையாகவும் எப்படி வெளிப்படுகிறது என்று ஆராயும் துறை அது.

டெஸ்ட் என்பது லத்தீனில் மண்சட்டியைக் குறித்த டெஸ்டும் என்ற சொல்லிலிருந்து வந்தது. உலோகத்தை உருக்கித் தரம் பார்த்த சட்டி. நம் 'சோதனை'யும் தூய்மைப்படுத்துதலைக் குறிக்கும் வடசொல்லின் வழியில் வந்ததே. ஆனால் இன்று சோதனை என்றால் துன்பம் என்றும் பொருள்படுகிறது. தேர்வு என்றாலோ மதிப்பெண்ணும் தோல்வியும் கூடவே வருகின்றன. ஏற்கெனவே படிப்பில் அடிபட்டு நிற்கும் பிள்ளைக்கு இரண்டுமே வேண்டாம். மதிப்பீடு என்பதே பொருத்தம். ஆக, துறைச்சொல்லாக எழுதும்போது 'நரம்பு உளவியல் மதிப்பீடு'. நரம்பியல் என்பது நியூராலஜி என்ற மருத்துவத் துறைக்கு வழங்கிவிட்டதால் 'நரம்பியல் உளவியல்' குழப்பம் தரும்.

பெற்றோரிடம் பேசும்போது மட்டும் நான் 'மூளைத்திறன் மதிப்பீடு' என்பேன். பேச்சு வழக்கில் ரத்தக் குழாயையும் நரம்பு என்றே சொல்கிறோம். "நரம்பு கிடைக்கவில்லை" என்று ஊசியோடு நிற்கும் செவிலியர்தான் நினைவுக்கு வருவார். இந்த மதிப்பீட்டில் ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை, தலையில் ஒயர் ஒட்டுவதும் இல்லை. பேச்சு, படம், புதிர், காகிதம், பென்சில், சில சமயம் கணினி. அவ்வளவுதான்.

அங்கே நடப்பதில் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். உளவியலாளர் நொடிக்கு ஒன்றாக எண்களைச் சொல்கிறார்: ஐந்து, எட்டு, இரண்டு, ஒன்பது. பிள்ளை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்து வேறு எண்கள், இந்த முறை பின்னாலிருந்து. முன்வரிசையில் ஐந்து எண்களைத் தடுமாறாமல் சொன்ன பிள்ளை, பின்வரிசையில் மூன்றுக்கே திணறலாம். காதில் வாங்குவது வேறு, வாங்கியதை மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வது வேறு. இரண்டாவதற்குப் பெயர் செயல் நினைவு. "நோட்டை எடு, தேதி போடு, மூன்றாவது கணக்கைச் செய்" என்றதும் தேதியோடு நின்றுவிடும் பிள்ளையைச் சொன்ன பேச்சுக் கேட்காதவன் என்று திட்டுகிறோமே, அங்கே இந்தச் செயல் நினைவுதான் போதாமல் போயிருக்கலாம். இந்த ஒன்றை வைத்து மட்டும் யாரும் முடிவுக்கு வருவதில்லை. கவனம், மொழி, வாசிப்பு, கணக்கு, கைவேகம், திட்டமிடல், மனநிலை எல்லாம் பார்த்து, பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதையும் சேர்த்துத்தான் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிக்கலா, கவனக்குறைபாடா, பதற்றமா என்று பிரித்தறிகிறார்கள். பல மணி நேரம் ஆகும். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வுகள்.

அறிக்கை வந்ததும் எல்லார் கண்ணும் ஐக்யூ என்ற நுண்ணறிவு எண்ணில்தான் விழும். வெக்ஸ்லர் என்ற நுண்ணறிவு அளவுகோலில் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். ஆனால் மொழித்திறனில் 115-உம் செயல்வேகத்தில் 80-உம் எடுத்த பிள்ளையை ஒற்றை எண்ணில் அடக்கினால் அவனுடைய பலமும் தெரியாது, சிக்கலும் தெரியாது. ஏற்ற இறக்கத்தைத்தான் படிக்க வேண்டும். பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினே 1905-இல் பாரிஸில் மருத்துவர் சிமோனுடன் சேர்ந்து முதல் நுண்ணறிவு அளவுகோலை வெளியிட்டதே, பள்ளியில் யாருக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று கண்டறியத்தான். யார் மக்கு என்று முத்திரை குத்த அல்ல.

மதிப்பீட்டுக்குப் போவதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கும் கவனம் சிதறும். பிள்ளைக்கு நன்றாக வரும் மொழியிலேயே மதிப்பீடு நடக்குமா என்று கேளுங்கள். வீட்டில் பயிற்சி கொடுத்து அனுப்பாதீர்கள், முடிவு பிசகிவிடும். நல்ல தூக்கம், வயிறார உணவு, கண்ணாடி போடுகிறவன் என்றால் அதுவும் கையோடு. பிள்ளையிடம் "உனக்குப் படிப்பு எப்படிச் சொல்லிக்கொடுத்தால் சுலபமாகப் புரியும் என்று ஒருவர் பார்க்கப் போகிறார், சிலது சுலபமாக இருக்கும், சிலது யாருக்குமே கஷ்டமாக இருக்கும்" என்று சொன்னால் போதும்.